மேஜையை விட்டு எழுந்தவள்

யார்மிலாவைப் போல ஓர் அழுத்தக்காரியை நான் அடிலெய்டில் பார்த்ததில்லை. கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் அவளுக்கு என் பக்கத்து மெஷின். செக் மொழி பேச ஆள் கிடைத்ததே என்று நான் ஓயாமல் பேசுவேன். அவள் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். ஒரு மாசம் கழித்துத்தான் வாயைத் திறந்தாள், செக்கோஸ்லோவாகியாவில், ப்ர்னோ நகரத்தில் தனக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று.

1981 கோடையில் யூகோஸ்லாவியக் கடற்கரைக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறார்கள். மொத்தக் குடும்பத்தையும் விட்டால் திரும்பாது என்று எங்கள் கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்குத் தெரியாதா? மூத்தவளைப் பிணை மாதிரி நிறுத்திக்கொண்டது. யார்மிலாவும் புருஷன் பொஹுமிலும் கைக்குழந்தை வீத்தெக்கோடு எல்லை தாண்டி ஆஸ்திரியா போய், அங்கிருந்து இங்கே வந்தார்கள். எட்டு வயது அலெனா அத்தை ஹெட்விகா வீட்டில். "ரெண்டே வாரம், வந்துடுவோம்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் இந்த மகராசி. பெத்த மனசா கல்லா என்று கேட்டேவிட்டேன்.

"ஆறு மாசத்துல கூப்பிட்டுக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்கடி" என்றாள். நாலு வருஷம் மனு போட்டும் விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டில், எல்லாரும் முடிக்கும்வரை எங்கள் ஊர் வழக்கப்படி நாங்கள் யாரும் எழ மாட்டோம். எழுந்த ஆள் அடுத்த வருஷம் அந்த மேஜையில் இருக்காது என்பார்கள்; சாவு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். ப்ர்னோவில் கடைசிக் கிறிஸ்துமஸில் இவளே, "அலெனா, உப்பு எடுத்துட்டு வா" என்று எழுப்பி அனுப்பியிருக்கிறாள். அதனால் இங்கே உப்பு, தண்ணீர், வீத்தெக்கின் இழுப்பு மருந்து எல்லாம் முதலிலேயே மேஜைக்கு வந்துவிடும்.

1985இல் அந்தச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டாள். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் சீண்டாத கெண்டை மீனை வறுத்து, உருளைக்கிழங்கு சாலட்டோடு நாலு பேரும் உட்கார்ந்தோம். நடையில் போன் அடித்தது. பண்டிகை கழிந்ததும் அலெனாவைத் தபாலாபீசுக்குக் கூட்டிப்போய்ப் பேச வைக்கிறேன் என்று ஹெட்விகா எழுதியிருந்தாள்.

"முன்னாடியே லைன் கெடச்சிருக்கும். அவதான்" என்றான் பொஹுமில். எழவில்லை.

யார்மிலா வீத்தெக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிள்ளைக்கு அன்றும் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் போறேன். எனக்கு அழ ஒரு நாதி கெடையாது, போனா போறேன்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உக்காரு வ்லாஸ்தா. நீயும் எங்க ஆளுதான்."

இந்த ஊருக்கு வந்து பதினேழு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்துவிட்டேன். அதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். போன் நின்றுபோனது. மறுபடி அடிக்கவில்லை.

பிப்ரவரியில் அலெனாவின் கடிதம் வந்தது. யார்மிலா மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, நீ போன் எடுக்கல. நீ சாப்பிட்டுட்டு இருப்ப, எழுந்திருக்க மாட்டன்னு அத்தைகிட்ட நானே சொன்னேன். அன்னிக்கி அத்தை வீட்டுச் சாப்பாட்டுல நான் மூணு தடவை எழுந்தேன். அத்தை அடிச்சாங்க. அப்பவும் எழுந்தேன். அடுத்த வருஷம் இந்த மேஜையில நான் இருக்க மாட்டேன். உங்கிட்ட வந்துடுவேன்."

யார்மிலா கடிதத்தை வாங்கி மடித்தாள்.

"எழுந்தா ஆள் இருக்காதுன்னுதான் நம்ம ஊர்ல சொன்னாங்க. எங்க போகும்னு யாரும் சொல்லலியேடி" என்றாள்.