பெற்றுக்கொண்டதாகச் சொன்ன பதினொரு செய்திகள்

என் தங்கை சூர்யகலாவுக்கு இப்போது இருபத்தேழு வயது. நான் அவளைவிட ஒன்பது வருடம் மூத்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன். ஆரணியில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் படித்து, ஊரைவிட்டுப் போகாமல் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிற பெண் அவள் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. போன வருடம் ஆடி மாதம் அவள் வேலையில் ஒரு தவறு நடந்தது. அதற்குப் பிறகு அவள் நடந்துகொண்ட விதத்தை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இதிலுள்ள கிழமையும் நேரமும் அவள் குறித்து வைத்திருந்தவை.

அவள் மேசை தறிக்கூடத்தின் கடைசி ஜன்னலோரம் இருக்கிறது. மீட்டிங்கில் பேசும்போது தறிச் சத்தம் கேட்கும். ஒருநாள் அவளுடைய மேனேஜர், "பின்னாடி யாரோ மரம் வெட்றாங்களா?" என்று கேட்டாராம். "எங்க அண்ணன் சார், புடவை நெய்துகினு இருக்காரு" என்றாளாம். அதற்குப் பிறகு மீட்டிங் நேரத்தில் நான் தறியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

அவள் எழுதிய மென்பொருள், ஆரணியில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தையும் சுற்று ஊர்களில் உள்ள சின்னச் சின்ன கிளினிக்குகளையும் இணைப்பது. கிளினிக்கில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் ஆரணிக்கு அனுப்பிவிடுவார்கள். ரிப்போர்ட் கம்ப்யூட்டர் வழியாகத் திரும்பிப் போகும். நேராகப் போவதில்லை. நடுவில் ஒரு சர்வரில் ஒவ்வொரு கிளினிக்குக்கும் தனித்தனி வரிசை இருக்கிறது. அவள் அதை க்யூ என்பாள். பரிசோதனைக் கூடம் ரிப்போர்ட்டை அந்த வரிசையில் போட்டுவிடும். கிளினிக்கின் கம்ப்யூட்டர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் ரிப்போர்ட் வரிசையிலேயே காத்திருக்கும்.

"அந்த க்யூவோட நீயே பேசுவியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் எங்க பேசறது? அதுக்குன்னே ஒரு லைப்ரரி கீதுண்ணா. வேற யாரோ எழுதி வச்ச ப்ரோக்ராம். கனெக்ட் பண்ணு, அனுப்பு, வாங்குன்னு நான் சொன்னா அது போய் செய்யும்."

"அப்ப உன் வேலை இன்னா?"

"எப்ப வாங்கணும், வாங்கினத இன்னா பண்ணணும்னு சொல்றது."

"முதலாளி வேலைன்னு சொல்லு."

"ஆமா, சம்பளம் மட்டும் முதலாளிக்கு இல்ல" என்று சிரித்தாள்.

கிளினிக்கின் கம்ப்யூட்டர் ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டதும், 'பெற்றுக்கொண்டேன்' என்று வரிசைக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தவுடன் வரிசையிலிருந்து அந்த ரிப்போர்ட் அழிக்கப்படும். பரிசோதனைக் கூடத்தின் திரையில் ஒரு பச்சை டிக் விழும். அரை மணி நேரத்தில் டிக் விழாவிட்டால் கூடத்தில் இருப்பவர்கள் கிளினிக்குக்குப் போன் செய்து சொல்லிவிடுவார்கள். இது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு.

தேவிகாபுரத்தில் பச்சையம்மாள் என்று ஒரு அம்மா. வயது ஐம்பத்திரண்டு. நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர். சில நாட்களாகக் கால் வீங்கி, நெஞ்சு படபடக்கிறது என்று பக்கத்துக் கிளினிக்குக்கு ஒரு திங்கட்கிழமை போனார். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை அந்தக் கிளினிக் இருக்கும் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் கிடையாது. கிளினிக்கின் கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடியது. பிரிண்டரை பேட்டரியில் இணைக்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு பச்சையம்மாளின் ரிப்போர்ட் வரிசைக்கு வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. அன்று காலை வந்த மற்ற பத்து ரிப்போர்ட்டுகளோடு இதையும் என் தங்கையின் மென்பொருள் எடுத்துக்கொண்டது. எடுத்த நொடியில் 'பெற்றுக்கொண்டேன்' என்றும் சொல்லிவிட்டது. பிறகு பிரிண்டர் உயிர் பெறுவதற்காகப் பதினொன்றையும் எங்கும் சேமிக்காமல் நினைவில் மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தது. பதினொன்று இருபத்து நான்குக்கு பேட்டரி தீர்ந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது. நினைவில் இருந்தவை போயின.

மாலை மின்சாரம் வந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது வரிசை காலியாக இருந்தது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று நர்ஸ் நினைத்தார். ஆரணியில் பதினொரு பச்சை டிக்கும் இருந்தன. ரிப்போர்ட் போய்விட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு நர்ஸ் சந்தேகப்பட்டு ஆரணிக்குப் போன் செய்தார். பச்சையம்மாள் அன்று மதியமே மயங்கி விழுந்து, ஆரணிக்குக் கொண்டுவரும் வழியில் இறந்துவிட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை விஷயம் கம்பெனிக்கு வந்தது. என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்லி சூர்யாவிடம் கொடுத்தார்கள். நான் தறியில் இருந்தேன். அவள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஒரே ஒரு வரிண்ணா" என்றாள். "லைப்ரரில ரெண்டு வழி குடுத்திருக்கான். வந்தவுடனே வாங்கிட்டேன்னு சொல்றது ஒண்ணு. வாங்கி, பத்திரமா எழுதி வச்சிட்டு, அப்புறமா சொல்றது ஒண்ணு. நான் மொத வழிய போட்டிருக்கேன். யோசிக்கவே இல்ல. வந்தா வாங்கினேன்னு சொல்றதுதானே நம்ம வூட்டு வழக்கம்."

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. முதலாளி வீட்டிலிருந்து தறிக்குப் பாவு நூல் வந்தால், கொண்டு வந்தவர் முன்னால் நாங்கள் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. நோட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் மூட்டையைப் பிரித்து இழை எண்ணுவோம். அவர் எதிரிலேயே எண்ணினால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். எண்ணிப் பார்த்துக் குறைந்திருந்த நாட்களும் உண்டு. அப்போதும் கையெழுத்து போட்டதுதான். சின்ன வயதில் அந்த நோட்டை அப்பாவிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருவது சூர்யாவின் வேலை.

மேனேஜர் அன்று மதியமே ஒரு அறிக்கை தயார் செய்திருந்தார். மின்தடையால் ஏற்பட்ட தகவல் தொடர்புத் தடங்கல் என்று அதில் இருந்தது. சூர்யா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் அவரோடு பேசினாள், நானும் கேட்டேன்.

"மின்தடை காரணம் இல்ல சார். அது மாசாமாசம் வருது. அது வரும்னு தெரிஞ்சும் அதுக்கு ஏத்த மாதிரி எழுதாதது நான்."

"சரிம்மா, சரி பண்ணிடு. எழுத்துல எதுவும் வேணாம்."

"எழுத்துலதான் சார் குடுக்கணும். மத்த கிளினிக்ல எல்லாம் அதே வரிதான் ஓடிகினு இருக்குது."

வெள்ளிக்கிழமை எழுத்தில் கொடுத்தாள். சனிக்கிழமைக்குள் எல்லாக் கிளினிக்குகளிலும் அந்த வரியை மாற்றினாள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் போன் செய்து, கம்ப்யூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லி, திரும்பப் போடச் சொல்லி, அனுப்பிய ரிப்போர்ட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று எண்ணச் சொன்னாள். "பேஜார் புடிச்ச பொண்ணு" என்று ஒரு கம்பவுண்டர் போனிலேயே திட்டினார். கம்பெனி அவளை வேலையைவிட்டு நீக்கவில்லை. ஆனால் அவள் ஆறு மாதமாக எதிர்பார்த்திருந்த புதுக் குழுவில் அவள் பெயர் இல்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்ன போனில், அந்தக் கிளினிக் நர்ஸ் அவளிடம் வேறொன்றும் சொல்லியிருந்தார். பச்சையம்மாளின் மகன் ரஞ்சித்குமார் செய்யாறில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். திங்கட்கிழமை எழுந்திருக்கத் தாமதமாகி, அம்மாவை நேரம் கழித்துக் கிளினிக்கில் விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறான். அதனால் காலை பஸ்ஸுக்குப் போக வேண்டிய ரத்தம் மதிய பஸ்ஸுக்குத்தான் போனது. ரத்தம் தாமதமாகப் போனதால்தான் ரிப்போர்ட் வரவில்லை, அதனால்தான் அம்மா போய்விட்டார் என்று ஊரே பேசியது. அவன் அப்பா சுப்பன் அன்றிலிருந்து மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் போய்ச் சொல்லணும்ணா" என்றாள்.

"போய் அடி வாங்கிகினு வரப் போறியா?"

"அடிச்சா அடிக்கட்டும். அவன் பண்ணாத தப்ப அவன் சொமந்துகினு இருக்கான்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, தேவிகாபுரம் பஸ் ஏறினோம். நான் பேசட்டுமா என்று கேட்டேன். "நீ கூட வாண்ணா, போதும்" என்றாள்.

ஒரே அறையுள்ள வீடு. படத்துக்குப் போட்ட மாலை வாடியிருந்தது. சுப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தார். மகன் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். யார் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தான். சூர்யா தரையில் உட்கார்ந்து, தாளில் எழுதி வைத்திருந்த நேரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரத்தம் திங்கட்கிழமை மூன்று மணிக்கே ஆரணிக்கு வந்துவிட்டது. வெளியூர் ரத்தத்தை எப்போதும் மறுநாள் காலையில்தான் சோதிப்பார்கள் என்பதால், காலை பஸ்ஸில் வந்திருந்தாலும் பரிசோதனை செவ்வாய்க்கிழமை காலையில்தான் நடந்திருக்கும். ரிப்போர்ட் பதினொன்று இருபதுக்குத் தயார். தொலைத்தது அவள் எழுதிய மென்பொருள்.

"அப்ப அந்த பஸ்ஸு?" என்றான் அவன்.

"பஸ்ஸால ஒண்ணும் இல்லீங்க. உங்களால ஒண்ணும் இல்ல."

"ரிப்போர்ட் வந்திருந்தா பொழச்சிருப்பாங்களா?"

சூர்யா கையிலிருந்த தாளை மடித்தாள். "டாக்டர்கிட்ட கேட்டேன். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்னு சொன்னாரு. பொழச்சிருப்பாங்களான்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னாரு. ஒரு நாள் டைம் இருந்துச்சு. அத என்னால இழந்துட்டீங்க."

அவன் முகம் சிவந்தது. "இத சொல்லிட்டுப் போனா உனக்கு மனசு லேசாயிடும், இல்ல?"

"ஆவாதுங்க."

பிறகு அவன், "எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அவருகிட்ட சொல்லு" என்று வாசலைக் காட்டினான்.

சூர்யா வாசலுக்குப் போய், சுப்பன் எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள். ஒரு நேரத்தைக்கூட விடவில்லை. நடுவில் தண்ணீர் கேட்கவும் அவளுக்குத் தயக்கம். சுப்பன் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். அவளை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

"எங்க பச்சை விடிஞ்சதும் எனக்குக் காப்பி வச்சிட்டுத்தான் தன் வாய்ல எதுனா போட்டுக்கும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "அன்னிக்கும் வச்சிச்சி."

பிறகு வெயிலைப் பார்த்தார். உள்பக்கம் திரும்பி, கொஞ்சம் சத்தமாக, "டேய் ரஞ்சித்து" என்றார். "மூணரை பஸ்ஸு உட்டா அப்புறம் லேட்டாவும். ஜல்தியா போய் இவங்கள ஏத்தி உட்டுட்டு வா. வந்து சாப்டு."

உள்ளே கட்டில் அசையும் சத்தம் கேட்டது. உடனே அவன் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். பஸ் தூரத்தில் தெரிந்தபோது அவன் கேட்டான்: "இனிமே அப்டி ஆவாதில்ல?"

என் தங்கை, ஆகாது என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

"இப்ப எழுதி வச்ச பிறகுதான் வாங்கினேன்னு சொல்லுது. நடுவுல கரண்ட் போனா, வாங்கலன்னு நெனச்சு க்யூ திரும்பவும் அனுப்பும். அதனால ஒரே ரிப்போர்ட் ரெண்டு தபா வேணா வரும். வராம போவாது."

"ரெண்டு தபா வந்தா வரட்டும்" என்று சொல்லி, சாலையில் இறங்கிக் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினான்.