திறக்கும் முன்பே தெரிந்த விலை

நானும் என் கணவரும் ஆதம்பாக்கத்தில் சிறிய கான்ட்ராக்ட் நிறுவனம் நடத்திவந்தோம். நடைபாதை, சிறுபாலம் என்று சில்லறை அரசு வேலைகள். பள்ளம் தோண்டச் சொந்தமாக ஒரு பொக்லைன் இயந்திரம் இருந்தது. அந்த வருடம் மயிலாப்பூரில் ஒரு தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்ட டெண்டர் வந்தது. கம்பி, ஜல்லி, கூலி எல்லாம் கணக்குப் பார்த்து, அரசு மதிப்பீட்டைவிடப் பதினோரு சதவீதம் குறைத்து, ஆன்லைனில் விலையை அனுப்பினேன். அதிகாரிகள் திறக்கும்வரை அதை யாரும் பார்க்க முடியாது என்பது விதி.

மறுநாள் காலை, திறப்பதற்கு முன்பே, ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு பெரிய கான்ட்ராக்டரின் ஆள் என்று சொல்லிக்கொண்டார். மோர் கொடுத்தேன். நிதானமாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"பதினொண்ணு கம்மியா போட்டுக்கிறீங்களே அக்கா, கட்டுப்படி ஆவுமா?"

அந்த எண் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். யார் சொன்னது என்று கேட்டேன். வேலை யாருக்கு என்று முன்பே பேசி முடித்தாகிவிட்டது, டெண்டரில் கலந்துகொண்ட மற்ற இருவரும் ஒப்புக்குத்தான் விலை போட்டிருக்கிறார்கள், வாபஸ் வாங்கிவிடுங்கள் என்றார். கிளம்பும்போது என் கணவர் பக்கம் திரும்பினார்.

"உன் பொக்லைனு அடையாறு ஆத்தோரமா தனியா நின்னுகினு கீது நைனா. பாத்துக்கோ."

நாங்கள் வாபஸ் வாங்கவில்லை. திறந்தபோது எங்கள் விலைதான் குறைவு. ஆனால் வாரக்கணக்கில் உத்தரவு வரவில்லை. ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். கடைசியில் நிர்வாகக் காரணங்களால் ரத்து என்று அறிவிப்பு வந்தது. மறு டெண்டரில் புதிதாக ஒரு நிபந்தனை: சொந்தமாகக் கான்கிரீட் கலவை ஆலை இருக்க வேண்டும். எங்களிடம் அது இல்லை. புகார் எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

வேலை அந்தப் பெரிய கான்ட்ராக்டருக்கே போனது. அது தொடங்கியதும் அதே ஆள் மறுபடி வந்தார். பள்ளம் தோண்டுவதை எங்களுக்கே தருவதாகச் சொன்னார். வரைபடத்தில் உள்ள ஆழம் தேவையில்லை, பாதி போதுமாம். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. என் கணவர் என்னைப் பார்த்தார்.

"வேணாம்ணா" என்றேன். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

யாரும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதன்பின் போட்ட எந்த டெண்டரிலும் எங்கள் பெயர் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சான்றிதழ் சரியில்லை என்பார்கள். இப்போது தனியார் வீடுகளுக்கு மாடி எடுத்துக் கொடுக்கிறோம்.

ஐப்பசியில் மயிலாப்பூர் பக்கம் போக நேர்ந்தது. அந்தத் தெருவில் புது வடிகாலின் மூடிகள்மேல் தண்ணீர் நின்றது. ஒரு பெண் தன் வீட்டு வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மழை இன்னும் வலுக்கவில்லை.