என் நோய்க்கு அம்மா வாங்கிய சீட்டு

பதினைந்தாம் வயதில் எனக்குச் சிரிக்கப் பயமாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தால் பாவாடை நனைந்துவிடும். தும்மினாலும் அதே கதை. போதாக்குறைக்கு, போய்விட்டு வந்த கால் மணி நேரத்துக்குள் மறுபடியும் போகவேண்டும் என்ற அவசரம். போனால் நாலு சொட்டும் நாற்பது சொட்டுக்கான எரிச்சலும். வகுப்பில் வேடிக்கை பேசும் தோழியின் பக்கத்தில் உட்காருவதையே விட்டுவிட்டேன். அதன் பயனாக ஆசிரியர்களிடம் ‘அடக்கமான பெண்’ என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயரின் ஆதாரம் எனக்கும் என் பாவாடைக்கும் மட்டுமே தெரியும்.

அரையாண்டுக் கணக்குத் தேர்வில் அந்த அடக்கம் முறிந்தது. பையன்கள் நிறைந்த கூடத்தில், ஆண் ஆசிரியரிடம் ‘வெளியே போகவேண்டும்’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கால்மேல் கால் போட்டு ஒன்றரை மணி நேரம் தாங்கினேன். பிறகு ஐந்து கணக்குகளைப் போடாமலே தாளைக் கொடுத்துவிட்டு, குனிந்தபடி ஓடினேன். மதிப்பெண் தெரிந்ததும் அப்பா அதிகம் பேசவில்லை. பள்ளியிறுதித் தேர்வில் தவறினால் படிப்பு அத்துடன் போதும் என்றார். அதற்கு இரண்டரை மாதம் இருந்தது.

வேறு வழியில்லாமல் துவைக்கிற கல்லருகே அம்மாவிடம் சொன்னேன். வெள்ளரி விதை அரைத்துக் கொடுத்தாள். சீரகத் தண்ணீர் கொடுத்தாள். தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவினாள். ஒரு வாரம் விளக்கெண்ணெய் வாசனையோடு பள்ளிக்குப் போனதைத் தவிர வேறு பலன் இல்லை. டாக்டரிடம் போவது என்று முடிவாயிற்று.

எங்கள் ஊரான எருத்தேன்பதியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே சீட்டு எழுதுகிற கம்பவுண்டர் எங்கள் பக்கத்து ஆள் என்பதுதான் அம்மாவின் கவலை. கல்யாணமாகாத பெண்ணின் பெயரை இப்படியொரு நோயோடு சேர்த்து அவர் எழுதிவிட்டால் சாயந்திரத்துக்குள் ஊர் அறிந்துவிடும். எங்கள் பகுதியில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மருமகளின் நோயை மாமியார் தன்னுடையதாகச் சொல்லி வைத்தியரிடம் சூரணம் வாங்கி வருவாள். வைத்தியரும் அறியாதவர்போல் கேட்டுக்கொள்வார். டாக்டரிடமும் அது செல்லும் என்று அம்மா நம்பினாள்.

பஸ்ஸில் என் காதருகே குனிந்து சொன்னாள்: “இத பாரு அம்மிணி, நோவு எனக்கு. நீ தொணைக்கு வந்திருக்கிற. வாயத் தொறக்காத.”

“மருந்து யாரும்மா குடிக்கிறது?”

“நீதான். ஊட்டுக்கு வந்து குடிச்சா எவனுக்குத் தெரியப்போவுது?”

இதில் இருந்த ஓட்டை எங்கள் இருவர் கண்ணுக்கும் படவில்லை. அம்மாவின் பெயரில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். டாக்டர் மலையாளி, கேரள எல்லையில் எங்களைப்போன்ற தமிழர்களிடையே பல வருடம் இருந்ததால் தமிழைத் தம் வழியில் பேசுவார்.

“என்னா சுகக்கேடு?”

“ஒண்ணுக்குப் போறதுல கொஞ்சம் செரமமுங்க,” என்று அம்மா மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

“எத்தற நாளாச்சு?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மடியில் எட்டு விரல்களை விரித்துக் காட்டினேன்.

“எட்டு மாசமுங்க.”

“பிரசவம் எத்தன?”

கடைசியில் விடை தெரிந்த ஒரு கேள்வி. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அஞ்சுங்க!”

டாக்டர் ஏதோ பிடிபட்டவர்போல் தலையாட்டினார். “குடம் தூக்கும்போ வருமோ?”

“அதெல்லாம் இல்லீங்க,” என்றாள் அம்மா, தன் உடம்பைக் குறித்த நியாயமான பெருமையுடன். நான் அவள் காலை மிதித்தேன். “வருமுங்க,” என்று திருத்திக்கொண்டாள்.

“வருமோ, வராதோ?”

“சிரிச்சா வருமுங்க,” என்றேன் நான்.

டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு, ஐந்து பிள்ளைகளை அதட்டியே வளர்த்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். “அம்ம நல்லா சிரிக்குமோ?”

“எப்பவாச்சுமுங்க.”

அம்மாவைப் படுக்கவைத்து அடிவயிற்றை அழுத்தினார். எங்கே அழுத்தினாலும் “நல்லாத்தானுங்க இருக்குது” என்றாள். அவர் கை கழுவிவிட்டு வந்து ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார்.

“பயப்படண்டா. அஞ்சு பெத்தா கர்ப்பப்பை கொஞ்சம் எறங்கும். பாலக்காட்டுல லேடி டாக்டர் பாத்து ஒரு ரப்பர் வளையம் வெச்சுத் தருவாங்க. மருந்தொண்ணும் வேண்டா.”

மருந்தொன்றும் வேண்டாம்! எங்கள் திட்டம் முழுவதும் அந்த மருந்தின் மேல்தான் நின்றது. அம்மாவோ கடிதத்தை வாங்கக் கையை நீட்டிவிட்டாள். என் மானத்துக்காக அவள் பாலக்காடு வரை போய் வளையத்தையும் வைத்துக்கொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் அதனால் என் கணக்குத் தேர்வு தேறாதே!

“அஞ்சு பெத்தது அம்மாதானுங்க டாக்டர்,” என்றேன். “எரியறது எனக்குங்க.”

டாக்டர் பேனாவை மூடினார். சிரிக்கவில்லை, மீசை மட்டும் சற்று அசைந்தது. அம்மாவை எழுப்பி, அவளுடைய முக்காலியில் என்னை உட்காரச் சொன்னார்.

“ஒரு நாள்ல எத்தற வெள்ளம் குடிக்கும் நீ?”

“காலையில ஒரு டம்ளர் காப்பிங்க. தண்ணி, சாயந்திரம் ஊட்டுக்கு வந்துதானுங்க.”

“மத்தியானம் சோறு தின்னும்போ?”

“குடிக்கமாட்டேனுங்க.”

“அதெந்தா?”

“குடிச்சா போகோணுமுங்க. பசங்க வேலியோரம் போயிக்கறாங்க. பொண்ணுகளுக்குப் பள்ளிக்கூடத்துல எடமில்லீங்க. ஒம்பது பேரும் அடக்கித்தான் வெச்சுக்கறோம்.”

எனக்குப் பின்னால் நின்ற அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அந்தப் பள்ளியில் நான் சேர்ந்த நாள் முதல் தினமும் என் தூக்குப்போசியில் சோறு கட்டியவள் அவள்.

“ஏம் புள்ள, இத்தன வருசமா ஒரு சொல்லு சொல்லலியே?”

“நீயும் கேக்கலியேம்மா.”

“ரெண்டு பேரும் கொள்ளாம், நல்ல ஆளுங்கதான்,” என்றார் டாக்டர்.

என் சிறுநீரைக் குழாயில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். மாத்திரையும், மருந்து நீரும், நாள்தோறும் பார்லிக் கஞ்சித் தண்ணீரும் சொன்னார். தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போயே ஆகவேண்டும் என்றார். “மருந்து நான் தரும். எடம் நீங்க பாக்கணும், கேட்டோ?” சீட்டில் பெயரை மாற்றட்டுமா என்றும் கேட்டார்.

“அது அப்படியே இருக்கட்டுங்க,” என்றாள் அம்மா.

வெளியே கம்பவுண்டர் புட்டியை நீட்டி, “அக்கா, தண்ணி நெறையக் குடிக்கோணும், அடக்கக் கூடாது,” என்று அரைக் கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னார்.

“செரிங்க தம்பி,” என்றாள் அம்மா, கண்ணிமைக்காமல்.

அம்மா அவரைக் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த வாரமே உறவுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளிடம் குரலைத் தாழ்த்தி நலம் விசாரித்தார்கள். நான் அடுக்களையில் பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, கூடத்தில் அவள் என் எரிச்சலைத் தன்னுடையதாக விவரித்துக்கொண்டிருப்பாள். போகப்போக அதில் நல்ல தேர்ச்சியும் பெற்றாள். நான் அறியாத சில நுட்பங்களைக்கூடச் சேர்த்துச் சொன்னாள்.

இடத்தையும் அவளே பார்த்தாள். பள்ளிக்குப் பின்னால் கடலைக்காய்க் களம் வைத்திருந்த வீட்டு அம்மாளிடம் பேசி, களத்து மூலையில் பனையோலைத் தட்டி கட்ட வைத்தாள். முதல் நாள் நான் மட்டும் போனேன். அடுத்த வாரம் ஒன்பது பேரும் வரிசையில் நின்றோம். மூன்று வாரத்தில் எரிச்சல் போயிற்று. சிரிப்பில் நம்பிக்கை வர இன்னும் சில காலம் பிடித்தது.

பள்ளியிறுதித் தேர்வு வேறு ஊரில் நடந்தது. கணக்குத் தேர்வில் பாதி முடிந்தபோது எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. பழைய பழக்கத்தில் கால்மேல் கால் போட்டேன். பிறகு எழுந்து நின்றேன்.

“சார், நான் ஒண்ணுக்குப் போயிட்டு வரோணும்.”

மேற்பார்வையாளர் இளைஞர். அவருக்குக் காது சிவந்துவிட்டது. என்னைப் பாராமலே தலையசைத்து, பெருக்குகிற அம்மாளைத் துணைக்கு அனுப்பினார். கூடத்தில் ஓரிருவர் சிரித்தார்கள். திரும்பி வந்து மிச்சக் கணக்குகளை ஒன்றுவிடாமல் போட்டேன்.

வாசல் வேப்பமரத்தடியில் அம்மா காத்திருந்தாள். கேள்வித்தாளை அவள் பார்க்கவே இல்லை.

“எந்திரிச்சியா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“எந்திரிச்சேன்.”

“கணக்கு?”

“எல்லாம் போட்டாச்சும்மா.”