துருக்காரியும் பாம்பாட்டியும்

இணைய மன்றத்தில் அவள் பெயர் துருக்காரி. ரஸ்ட் என்ற கணினி மொழியில் ப்ரோகிராம் எழுதுகிறவள். ரஸ்ட் என்றால் துருதானே, அதனால் வந்த பெயர். குடிநீர் அலுவலகத்தில் பம்புகளைக் கண்காணிக்கும் ப்ரோகிராம் அவள் பொறுப்பு. சாப்பாட்டு இடைவேளையில் மன்றத்துக்குள் புகுந்து பைத்தான் மொழிக்காரர்களோடு மல்லுக்கு நிற்பாள். "உங்க மொழி செருப்பு மாட்டுறதுக்குள்ள எங்க மொழி ஊரைச் சுத்திட்டு வந்துடும்" என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து விடாமல் பதிலடி கொடுப்பவர் பாம்பாட்டி என்ற ஒருவர்; பைத்தான் என்றால் மலைப்பாம்பு, அதனால் அந்தப் பெயர்.

"யாரு அது, சம்பந்தி மாதிரி தினம் சண்டை?" என்று அவள் கணவர் கேலி செய்வார்.

ஒருநாள் பாம்பாட்டி உதவி கேட்டு வந்தார். அவருடைய தங்கைக்குக் காது கேட்காது. எதிரில் இருப்பவர் பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்ட ஒரு ப்ரோகிராம் செய்திருந்தார். முதலில் சரியாக வரும் எழுத்து, போகப்போகப் பின்தங்கியது. "எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகுதான் என் தங்கச்சி சிரிக்கிறா. வேகமான மொழிக்காரங்க யாராவது பாருங்களேன்."

துருக்காரியின் கூட்டாளிகளுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. "இப்பவாவது புத்தி வந்துச்சே, மொழியை மாத்துங்க" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவளுக்கும் விரல் துறுதுறுத்தது. ஆனால் தங்கை சிரிக்கும் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. ப்ரோகிராமைத் திறந்து படித்தாள். குறை மொழியில் இல்லை. ஒவ்வொரு புது வார்த்தைக்கும் அது ஆரம்பத்திலிருந்து பேசியதையெல்லாம் மறுபடி எழுத்தாக்கிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பேசியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி மாற்றி, பைத்தானிலேயே எழுதி அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. "அண்ணே, நேத்து ஒரு ஜோக் சொன்னேன். தங்கச்சி மொக்கைன்னுட்டா. ஆனா உடனே சொன்னா! ஆமா, உங்க மொழிக்கு மாறச் சொல்லலையே, ஏன்?"

"அங்க வந்து இதே தப்பைப் பண்ணினாலும் இதே கதிதான். அப்புறம், பேர்லயே 'காரி' இருக்கே, கவனிக்கலையா? நான் அண்ணன் இல்ல, அக்கா."

"சரிக்கா. கோவிச்சுக்காம ஒண்ணு கேளுங்க. உங்க மொழியைக் கத்துக்க வந்தேன். மன்றத்துல இருக்கிற ரஸ்ட் அறிமுகப் பக்கத்துல பாதியிலேயே தலை சுத்தித் திரும்பிட்டேன்."

அந்தப் பக்கத்தை எழுதியதே அவள்தான். முகம் சுண்டிப்போனது. பக்கத்தைத் திறந்து தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு, "எந்த இடத்துல சுத்துச்சு?" என்று கேட்டாள்.

அவர் காட்டக் காட்ட, வரிவரியாகத் திருத்தினாள். சில இடங்களில் விட்டுக்கொடுக்கவே இல்லை. அவரும் லேசில் விடவில்லை. கடைசியில் ஒரு பக்கம் தேறியது. ரஸ்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மன்றத்தில் இப்போது அதைத்தான் காட்டுகிறார்கள். கீழே இரண்டு புனைபெயர்களும் இருக்கின்றன. யார் பெயர் முதலில் வருவது என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை.