அரைப்புள்ளிகள் நிறைந்த கோப்பு

ஹார்ட் டிஸ்கின் கேபிளைப் பிடுங்கியது நான்தான். வக்கீலைப் பார்க்க ஷா ஆலம் கிளம்பும் அவசரத்தில், கணினி எழுதி முடிக்கும் முன்பே இழுத்துவிட்டேன். மறுபடி செருகியபோது ஒரு கோப்பும் இல்லை. மருத்துவச்சியின் வாக்குமூலம் அதில்தான் இருந்தது.

நிருபராக இருந்த காலத்தில், ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் அவர் சொல்லச் சொல்லக் குறித்து வந்து நானே தட்டச்சு செய்தது. அவர் பிரசவம் பார்த்த ஒரு பெண் குழந்தைக்குப் பிறப்புப் பதிவு இல்லை. அந்தக் குழந்தை இன்று முப்பது தாண்டியவள். மேருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அடையாள அட்டை இன்னும் இல்லை. மருத்துவச்சி இறந்துவிட்டார். அச்சுப் பிரதி கிள்ளானில் என் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது போனது. அட்டை கேட்டு வியாழனன்று அவள் மனு போக வேண்டும். அன்று செவ்வாய்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடிக் கடைக்கு எடுத்துப்போனேன். பழுது பார்ப்பவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். டிஸ்கை முழுதாக நகலெடுத்து, நகலில் மட்டும் கை வைத்தார். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற அட்டவணை சிதைந்திருந்தது. பெயரில்லாமல், வெறும் எண்களோடு ஆயிரக்கணக்கில் துண்டுகள் வந்தன. நான் மூன்று முறை கீழே டீக்கடைக்குப் போய்த் தே தாரிக் குடித்துவிட்டு ஏறினேன்.

"சார், ஒரு எடத்துல உக்காருங்க. நீங்க ஏறி எறங்குறதுல எனக்கு மூச்சு வாங்குது."

நான்காவது முறை ஏறியபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "முடிஞ்சுது சார். ஆனா தமிழ்ல ஒண்ணுகூட இல்ல. மிச்சமெல்லாம் குப்பை."

குப்பையைக் காட்டச் சொன்னேன். ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் ஓடின. ஓரிடத்தில் கண் நின்றது: எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

"பாஸ், இது குப்பை இல்ல. இது 'அம்மா'."

நான் கீழே குடித்தது தே தாரிக்தானா என்பதுபோல் பார்த்தார்.

பத்திரிகையில் பழைய எழுத்துருவில்தான் அடித்தோம். கணினிக்கு அவை ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துருவை மாட்டினால்தான் தமிழ். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. எனவே நாங்கள் அடித்த கோப்பில் வரிக்குப் பத்து அரைப்புள்ளியாவது இருக்கும். நிஜமாகவே கெட்டுப்போன துண்டில் அந்த ஒழுங்கு இருக்காது. அரைப்புள்ளி மிகுந்த துண்டுகளை மட்டும் பிரிக்கச் சொன்னேன். அறுபது சொச்சம் தேறின. எழுத்துருவை மாட்டி ஒவ்வொன்றாகத் திறந்ததில், முப்பத்தெட்டாவது மருத்துவச்சியின் வாக்குமூலம்.

தேதி இருந்தது. தாயின் பெயர் இருந்தது. நடுவே ஆறு வரிக்கு வெறும் கட்டங்கள்.

"அந்த எடம் டிஸ்க்லயே செத்துடுச்சு சார்."

மேருவில் கடையில் இருந்த அவளுக்குப் போன் செய்தேன்.

"கெடச்சிருச்சா அண்ணே?"

"கெடச்சிருச்சு. ஆறு வரி மட்டும் இல்ல."

"நீங்க அடிச்சதுதானே? நீங்களே திரும்ப அடிச்சிருங்க லா. யாரு பார்க்கப் போறா?"

பிரசவத்தின்போது கூட இருந்த இரண்டு பெண்களின் பெயர் அந்த வரிகளில்தான் இருந்தது. ஒரு பெயர் நிச்சயமாக நினைவிருந்தது. இன்னொன்றுக்கு இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்தன. என் கை அதற்குள் விசைப்பலகைக்குப் போயிருந்தது.

"ஒரு பேரு எனக்குச் சரியா தெரியலம்மா. தப்பா போட்டா உன் கேஸே போயிரும்."

தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. "எங்கம்மா பேரு?"

"இருக்கு."

"சரி. வையுங்க, ஆளு வருது."

ஆறு வரிக்கு இடம் விட்டு அச்சிட்டேன். கோப்பு இங்கே சிதைந்துள்ளது என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வியாழன் காலை வக்கீல் அலுவலகம் திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றிருந்தாள். தாளை வாங்கியதும் அவள் கண் முதலில் போனது அந்த வெற்றிடத்துக்குத்தான்.