மூக்கையா இல்லாத இரண்டு போர்டுகள்

பேகம்பூரில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் சுகன்யாவுக்கு ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது மகாபாவம். ரெட்டியார்சத்திரத்தில் செவ்வந்தி பயிரிடும் வீட்டில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்தவள். பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் போர்டில் தானாக அடுக்கிவிடும் புரோகிராம் அவளே எழுதியது. அவள் தட்டுகிற வேகத்தில் கீபோர்டில் அப்பளம் சுடலாம் என்று தெருவில் பேச்சு.

ஆண்டிச்சாமியின் தம்பி மகனுக்குக் காதுகுத்து. மண்டப வாசலுக்குப் பங்காளிகள் போர்டு ஒன்று, தெருமுனைக்குத் தாய்மாமன் மூக்கையா போர்டு ஒன்று. இரண்டிலும் அதே நாற்பத்தொரு பெயர்கள். வாசல் பட்டியலை அடித்து முடித்த சுகன்யா, ‘தெரு என்றால் வாசல்’ என்று புரோகிராமில் ஒரே வரி சேர்த்தாள். தீர்ந்தது வேலை.

மத்தியானம் ஆண்டிச்சாமி போன் செய்தார்.

“ஏம்மா, எங்க போர்டுல அந்த மூக்கையா பேரு வேணாம். திருவிழாவுல என்னையப் பாத்தும் பாக்காத மாதிரி போனவன்.”

“அவுக போர்டுல இருக்கட்டுமாய்யா?”

“அதுல அம்புட்டுப் பெருசா போட்டுக்கட்டும். எனக்கென்ன?”

சுகன்யா வாசல் பட்டியலில் அம்புக்குறியை ஒவ்வொரு பெயராக இறக்கினாள். எந்தப் பெயர் மஞ்சளாகிறதோ, அதுதான் அப்போதைக்கு மாட்டிய ஆள். மூக்கையா மஞ்சளானார். ஒரு தட்டு, ஆள் காலி. இரண்டு போர்டையும் அச்சடித்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை கடை வாசலில் மேளச் சத்தம். சீர்த்தட்டும் கிடாயும் ஏற்றிய மினி வேனிலிருந்து மூக்கையா குதித்தார்.

“ஏத்தா, ரெண்டு போர்டுலயும் நாப்பது பேரு இருக்கு, நான் எங்க? பிள்ளைய மடியில வச்சுக் காது குத்தப்போறவன் நான். என்னது என்ன, வாடகை மடியா?”

“செத்த இருங்கண்ணே, பாக்குறேன்.”

“பாரு. பேரு வராம வேன் நகராது.”

பத்து மணிக்குள் காது குத்தியாக வேண்டும். தாய்மாமன் மடியில்லாமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார். காதுகுத்து நின்றுபோனால் சுகன்யாவின் பெயர் முப்பது வருடத்துக்குப் பந்திக்குப் பந்தி பரிமாறப்படும்.

அப்போதுதான் அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது. அவள் இரண்டாவது பட்டியல் உண்டாக்கவே இல்லை. இருந்த ஒன்றுக்கே இன்னொரு பெயர் சூட்டியிருக்கிறாள். வீட்டில் கருப்பன், பள்ளிக்கூடத்தில் மணிமாறன் என்று ஒரே ஆள் இருந்தால், கருப்பனுக்கு மொட்டை போட்டபின் மணிமாறனுக்குச் சீப்பு எதற்கு? பட்டியலை நகலெடுத்துத் தனியாகப் பிரித்திருக்க வேண்டும்.

பிரிக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, விரலை மடக்கிக்கொண்டாள். மூக்கையா பெயரை முதல் வரியில் சேர்த்தாள். மெஷின் இரண்டு போர்டையும் துப்பியது.

ஆசாரி புறப்படப்போகிறார் என்று வியர்க்க விறுவிறுக்க கடைக்கு ஓடிவந்த ஆண்டிச்சாமி, மண்டப வாசலுக்கான புது போர்டைப் பார்த்துத் திகைத்தார். “இதுலயும் ஏம்மா வந்தான்?”

“ரெண்டுக்கும் ஒரே பட்டியல்யா. இதுல எடுத்தா அதுலயும் போயிரும். எடுக்கவா?”

வேனில் மூக்கையா அம்மிக்கல்லாக உட்கார்ந்திருந்தார்.

“எடுக்க வேணாம். எழுத்த மட்டும் கொஞ்சம் சின்னதா...”

“அங்கயும் சின்னதாகும்.”

“என்னத்தச் சின்னதாக்குறீக?” என்று வேனிலிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்ல மாப்ள! சுருட்டுறோம், சுருட்டுறோம்!” என்றார் ஆண்டிச்சாமி. இரண்டு போர்டையும் அவரே தோளில் தூக்கிக்கொண்டு, கிடாய்க்கும் மூக்கையாவுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தார்.