பௌர்ணமிக்கு மறுநாள், ஏழாம் வகுப்பில்

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் கிளம்பிய பேருந்து, பத்தரைக்குத் திருவண்ணாமலையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து அடி அண்ணாமலைக்கு ஆட்டோவில் நூற்றைம்பது ரூபாய். அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் என் தோழி கலைச்செல்வி ஏழாம் வகுப்பு ஆசிரியை. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறேன் என்றதும், “ஒரு நாள் முன்னாடியே வா, என் பிள்ளைங்களப் பாரு” என்றிருந்தாள்.

மதியம் வகுப்பில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். நம் பள்ளியில் ஆணும் பெண்ணும் சமமாக இருக்க என்ன செய்யலாம்?

“பெஞ்சு தூக்க எங்களையே கூப்பிடாதீங்க மிஸ். எங்களுக்கும் கை வலிக்கும்” என்றான் ஒருவன்.

“நாங்க சத்தமா பேசுனா, ‘பொம்பளப் பிள்ளையா நீ’ன்னு கேக்காதீங்க மிஸ்” என்றாள் ஒருத்தி. கலைச்செல்வி அசடு வழிந்தாள்.

அப்புறம் பவித்ரா எழுந்தாள். “பௌர்ணமிக்கு மறுநாள் நான் வர்றதில்ல. இவன் மட்டும் வந்துடறான்.”

அவள் காட்டியது பிரவீனை. இருவரும் இரட்டையர். கிரிவலப் பாதையில் பெற்றோர் இட்லிக் கடை போடுகிறார்கள்.

“நானும்தானே தண்ணி பாட்டில் விக்கிறேன்!” என்று துள்ளினான் பிரவீன்.

“அது சாயங்காலம். காலைல அண்டா குண்டாவெல்லாம் யாரு தேய்க்கிறது? போன மாசம் அன்னிக்குத்தான் பின்னக் கணக்கு நடத்துனாங்க. எனக்கு இன்னும் புரியல.”

“அம்மா உன்னத்தானே கூப்பிடறாங்க?”

கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது: “கூப்பிடாமயே போயேன்டா.”

வகுப்பு சிரித்தது. பிரவீன் சிரிக்கவில்லை.

வியாழன் மாலை நடக்கத் தொடங்கினேன். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். பாதி வழியில் அந்தக் கடை வந்தது. இட்லி பஞ்சு போல இருந்தது. நான் யாரென்று தெரிந்ததும் பிள்ளைகளின் அம்மா சுமதி தானாகவே பேசினார்.

“அவ படிக்க வேணாம்னு இல்லீங்க. இவன் தேய்ச்சா பிசுக்கு போவாது. மறுபடி நான் தேய்க்கணும். வேலை ஜாஸ்தியாவுது.”

“பழகினால் சரியாகிவிடாதா?”

நான் கேட்காமலே அவர் இன்னொரு இட்லி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஊர் திரும்புமுன் பள்ளிக்குப் போனேன். மணி அடித்தாகிவிட்டது. பெண்கள் பக்கம் நான்கைந்து இடங்கள் காலி, பவித்ராவுடையதும் ஒன்று. அன்று பிரவீனும் இல்லை. கலைச்செல்வி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

முதல் பாடம் பாதி ஆனபோது இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். பிரவீனின் சட்டை மார்பு வரை நனைந்திருந்தது. காதில் கரி.

“ஏன்டா லேட்டு?”

“அம்மா திரும்பத் திரும்பத் தேய்க்கச் சொன்னாங்க மிஸ். அப்படியும் பிசுக்குன்னாங்க.”

“கடைசில நானும் கை குடுத்தேன் மிஸ். இல்லன்னா மத்தியானம்தான் வந்திருப்போம்” என்றாள் பவித்ரா.

கலைச்செல்வி கரும்பலகையை அழித்துவிட்டுப் பின்னக் கணக்கை முதலிலிருந்து எழுதினாள். பவித்ரா முன்பெஞ்சுக்கு நகர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் பிரவீனின் தலை மேசையில் சாய்ந்தது. கலைச்செல்வி அதட்ட வாயெடுத்தாள்.

“விடுங்க மிஸ். பாத்திரம் தேய்ச்சா அப்படித்தான் தூக்கம் வரும். வீட்டுல நான் சொல்லிக் குடுத்துக்கிறேன்” என்றாள் பவித்ரா.

பதினொரு மணிக்கு ஆட்டோ ஏறினேன். வழியெங்கும் கடைகளின் பின்னால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் பெண்கள், சிறுமிகள். இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

“யாரையாச்சும் தேடறீங்களா மேடம்?” என்றார் ஓட்டுநர்.

“ஆமாங்க. பாத்திரம் தேய்க்கிற இன்னொரு பையனை.”

அவர் சிரித்தார். ஆனால் பேருந்து நிலையம் வரும்வரை அவரும் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினார்.